நேற்று ஓடிய வைஃபை இன்று ஏன் ஓடவில்லை? - மதுரை இளைஞரின் 14 சோதனைகள்!

இன்டர்வியூ தொடங்கிய ஏழாவது நிமிடத்தில் திரை உறைந்தது. எதிரில் இருந்தவர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். மதுரை ஆனையூரில் மாடி அறையில் உட்கார்ந்திருந்த அந்த இளைஞர், வைஃபையை அணைத்துப் போட்டார். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தார். மறுபடி இணைவதற்குள் 'பிறகு தொடர்புகொள்கிறோம்' என்று மெயில் வந்துவிட்டது. அந்தப் 'பிறகு' வரவே இல்லை.

மோடத்தில் கோளாறு இல்லை. அதே வைஃபையில் அம்மாவின் போனில் சீரியல் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் இரவு லேப்டாப்பில் லினக்ஸ் அப்டேட் போட்டதுதான் ஒரே மாற்றம். பழைய கெர்னலில் பூட் செய்தார். வைஃபை ஒழுங்காக நின்றது. புதியதில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனது.

நேற்றுவரை ஓடியது, அப்டேட்டுக்குப் பிறகு ஓடாமல் போனால் அதற்கு 'ரெக்ரஷன்' என்று பெயர். வைஃபை டிரைவர்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். ஒரே டிரைவர் பல தலைமுறை சிப்களை இயக்க வேண்டும். அதை எழுதுபவரிடம் எல்லா சிப்பும், எல்லா மோடமும் இருக்காது. அவர் மேஜையில் ஓடுவது ஆனையூரில் ஓடாமல் போகலாம்.

பழைய கெர்னலிலேயே இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அந்த வாரம் ஆண்டிப்பட்டிக்குப் போனபோது அந்த நினைப்பு மாறியது.

"வேலை என்னய்யா ஆச்சு?" என்று கேட்ட அப்பத்தாவிடம், பேச்சு பாதியில் நின்ற கதையைச் சொன்னார்.

"எனக்குத் தேனி டாக்டரு டிவியில வந்துதான கண்ணு பார்த்தாரு... அப்ப அந்து போகலையேய்யா!"

அவர் பள்ளியில் படித்த காலத்தில் நடந்தது அது. அன்றிரவு போனில் தேடிப் படித்தபோதுதான் முழு விவரமும் தெரிந்தது.

1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் தேனி மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் கண் பரிசோதனை மையங்களோடு இணைக்க, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைகொடுத்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது, வீட்டில் இருக்கும் அதே வைஃபை. உயரமான டவர்களில் ஆன்டெனா கட்டினார்கள்.

சிக்கல் தூரத்தில் இருந்தது. வைஃபை ஒரு தகவலை அனுப்பியதும், 'கிடைத்தது' என்ற பதிலுக்கு மிகக் குறைந்த நேரமே காத்திருக்கும். 15 கிலோமீட்டரைக் கடக்க ரேடியோ அலைக்கு 50 மைக்ரோ விநாடி ஆகிறது. போய்த் திரும்ப 100. அதற்குள் பொறுமையிழந்து அதே தகவலை மறுபடி அனுப்பும். இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும். ஆய்வாளர்கள் 'மேட்வைஃபை' என்ற ஓப்பன் சோர்ஸ் டிரைவரை மாற்றி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி செய்தார்கள். வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியது என்கிறது 2007-ல் வெளியான அவர்களின் ஆய்வுக் கட்டுரை. மாதத்துக்குச் சுமார் 3,000 பேர் இப்படி வீடியோவில் டாக்டரைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அப்பத்தா.

யாரோ எழுதித் திறந்து வைத்த டிரைவர், அப்பத்தாவின் கண்ணுக்கு உதவியிருக்கிறது. தன் லேப்டாப்பில் தெரிந்த கோளாறை மறைத்து வைத்துக்கொண்டு பழைய கெர்னலில் ஒதுங்குவது அவருக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டு கெர்னல்களுக்கும் இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள். எதைச் சந்தேகிப்பது? திருவிழா சீரியல் செட்டில் கோளாறு என்றால், அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன் ஒவ்வொரு பல்பாகக் கழற்ற மாட்டார். நடுவில் கைவைத்து, கோளாறு இந்தப் பாதியிலா அந்தப் பாதியிலா என்று பார்ப்பார். லினக்ஸிலும் அதே வழிதான், 'பைசெக்ட்' என்பார்கள். பாதி, அதில் பாதி என்று பிரித்தால் பத்தாயிரமும் 14 சோதனைகளில் ஒன்றாகிவிடும்.

அவருடைய பழைய லேப்டாப்பில் ஒரு கெர்னலைத் தயார்செய்யவே மூன்று மணி நேரம். ஒருமுறை கரன்ட் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இன்னொரு முறை அரை மணி நேரம் பொறுத்துப் பார்க்காமல் 'நல்லது' என்று குறித்துவிட்டார். நான்கு சோதனைகள் வீண். ஒன்பதாம் நாள் விடை கிடைத்தது. பேட்டரியை மிச்சப்படுத்தச் சேர்த்த நான்கே வரிகள். புதிய சிப்களுக்கு நன்மை. அவருடைய பழைய சிப்போ தூங்கினால் எழவில்லை.

சிப்பின் மாடல், கடைசியாக ஓடிய பதிப்பு, முதலில் தடுமாறிய பதிப்பு, லாக், அந்த நான்கு வரிகள். புலம்பல் எதுவும் இல்லாமல் இவற்றை மட்டும் டிரைவரின் பொறுப்பாளர்களுக்கு எழுதினார். லினஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகளாக வலியுறுத்தும் விதி ஒன்று உண்டு: ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கக் கூடாது, எவ்வளவு நல்ல மாற்றமானாலும், உடைத்தால் சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் திரும்பப் பெற வேண்டும். சில நாள்களில், பழைய சிப்களுக்கு மட்டும் அந்த மாற்றத்தை நிறுத்தி வைக்கும் திருத்தம் வந்தது. சோதித்துப் பார்த்து, 'ஓடுகிறது' என்று பதில் போட்டார். திருத்தத்தின் குறிப்பில், கோளாறைத் தெரிவித்தவர் என்று அவர் பெயரும் ஏறியது.

அடுத்த முறை ஆண்டிப்பட்டிக்குப் போனபோது அதை அப்பத்தாவிடம் காட்டினார்.

"இதுக்குச் சம்பளம் உண்டாய்யா?"

"இல்ல அப்பத்தா."

அப்பத்தா கொஞ்சம் யோசித்தார். "சரி விடு. இன்னொரு புள்ளைக்குப் பேச்சு பாதியில அந்து போகாதுல்ல?"