மறுத்த பெருந்தொகை

சாரல் மாதங்களில் வருவோர் குற்றால அருவியில் நீராடி, தென்காசிக் கோபுரத்தைக் கண்டு திரும்புவர். இவ்வூரை வேராகக் கொண்ட ஒரு டென்னிஸ் குடும்பத்தை நினைப்போர் சிலரே.

இராமநாதன் கிருஷ்ணன் 1937இல் நாகர்கோவிலில் பிறந்தார். தந்தை டி. கே. இராமநாதனே அவருக்கு ஆசான். சென்னை இலயோலாக் கல்லூரி அவரை வளர்த்தது. 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்ற முதல் ஆசியர் அவரே. 1960, 1961 ஆண்டுகளில் அங்கேயே ஆடவர் அரையிறுதியை எட்டினார். அடியின் வேகமன்று, மென்மையும் நிதானமுமே அவரது வலிமை.

எனினும் என் சிந்தையில் நிற்பது 1959ஆம் ஆண்டே. டேவிஸ் கோப்பையில் ராட் லேவரை வீழ்த்திய அவரை, மூன்றாண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாகத் தொழில்முறை ஆட்டத்துக்கு அழைத்தார் அமெரிக்கர் ஜாக் கிராமர். அந்நாளில் தொழில்முறையாளர் டேவிஸ் கோப்பையில் நாட்டுக்காக ஆட இயலாது. கிருஷ்ணன் மறுத்துவிட்டார்.

ஏழாண்டுகள் கழிந்து, 1966இல், கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோச்சுக்கு எதிராக நான்காம் செட்டில் 2-5 எனப் பின்தங்கியவர், மீண்டெழுந்து வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றில் நுழைந்தது; அங்கே ஆஸ்திரேலியாவிடம் தோற்றது.

பணம் ஈட்டுவது பாவமன்று. குடும்பம் காக்கக் கடல் கடக்கும் நம் பிள்ளைகளைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும், ஒன்றைப் பெறுமுன், அதற்காக எதை இழக்கிறோம் என்று கேட்டுப் பார்ப்போமா? கிருஷ்ணன் மறுத்தது கோப்பையைத் தரவில்லை. கல்கத்தாவின் அந்த மாலையைத் தந்தது.