அடிநூல்

தையல் இயந்திரம் என்றதும் ஊசியும் மேலே சுழலும் நூல்கண்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. அடியில் பாபின் என்ற ஒன்று இருப்பதை யார் எண்ணுகிறார்கள்? 1846-இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலும் சரி, இன்றும் சரி, மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவே கோத்துக்கொண்டால்தான் தையல் நிற்கும்.

என் அன்னை தையல் கூலியில்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்புகிறார். பாபினைக் கவனிப்பது என் பங்கு. நூலை மேடுபள்ளமின்றிச் சுற்ற வேண்டும், விளிம்பைத் தாண்டலாகாது. பாபினைக் கேஸில் இட்டு, நூலைப் பிளவின் வழியே தகட்டின் அடியில் இழுத்து, அந்நூலிலேயே கேஸைத் தொங்கவிட்டு மெல்ல உதறுவேன். சிறிதே இறங்கி நின்றால் இறுக்கம் சரி. சரசரவென இறங்கினால் திருகாணியை இம்மியளவு முடுக்குவேன். இரவில் பஞ்சைத் துடைத்து, ஷட்டில் ஓடும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன்.

துணியின் அடியில் நூல் சுருண்டால் பலரும் பாபினையே பழிப்பர். பெரும்பாலும் தளர்ந்திருப்பது மேல்நூல்தான்!

நண்பர்களே, நாளை பட்டமளிப்பு மேடையில் என் பெயர் மட்டுமே ஒலிக்கும். அதன் அடிநூல் யாரென்பதை நான் அறிவேன்.