நிறம் போன பிறகு

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வில் நான் ஒரு பொய் எழுதினேன். மதிப்பெண்ணும் நல்லாவே வந்தது.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் விடிய விடிய விசைத்தறிச் சத்தம் கேட்கும். அப்பா தறி ஓட்டினார். ஊடை அறுந்ததைக் கவனிக்காமல் தறி கொஞ்ச நேரம் ஓடினால் போதும், துணியில் கோடு விழுந்துவிடும். கூலியில் பிடிப்பார்கள். "துணி காட்டிக் குடுத்துரும்யா" என்பார்.

டைட்ரேஷன் அப்படியில்லை. ப்யூரெட்டில் ஆக்ஸாலிக் அமிலம். பிப்பெட்டால் 20 மில்லி சோடியம் ஹைட்ராக்ஸைடு எடுத்துக் கூம்புக் குடுவையில் விட வேண்டும். அப்போதெல்லாம் வாயால்தான் உறிஞ்சுவோம். ஒருமுறை நாக்கில் பட்டு, சோப்புத் தண்ணி மாதிரி வழுவழுத்தது. செய்யவே கூடாத காரியம். அதற்கு ரப்பர் குமிழ் இருக்கிறது. ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டதும் குடுவை ரோஸ் நிறமாகும். அமிலம் இறங்க இறங்க வெளுக்கும். எந்தச் சொட்டில் ரோஸ் முழுசாகப் போகிறதோ, அதுதான் முடிவுநிலை.

சார் சொல்லிக்கொடுத்தது எல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ப்யூரெட்டை அதில் ஊற்றப்போகும் அமிலத்தாலேயே அலச வேண்டும். உள்ளே தண்ணீர் ஒட்டியிருந்தால் அமிலம் நீர்த்துவிடும். குடுவையை மட்டும் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். காரத்தால் அலசினால் கணக்கில் வராத காரம் சேர்ந்துவிடும். பிப்பெட் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதக்கூடாது. அது போகத்தான் 20 மில்லி. குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு. கண் திரவத்தின் கீழ்ப்பிறைக்கு நேராக. முதல் தடவை வேகமாக விட்டு எல்லையைத் தெரிந்துகொள்ளலாம். அடுத்த தடவை எல்லை நெருங்கியதும், "சொட்டுக்குச் சொட்டு பாக்கணும்ல!"

ஏன் அவ்வளவு கவனம் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. காரம் ப்யூரெட்டில் இருந்தால், எல்லை தாண்டியதும் ரோஸ் அடர்ந்து காட்டிக்கொடுக்கும். எங்கள் சோதனையில் நிறம் போன பிறகு ஒரு மில்லி அமிலம் கூடுதலாகப் போனாலும் குடுவை அதே தெளிவோடு நிற்கும். தப்பு நடந்ததற்கு அடையாளமே இருக்காது. மறுபடி செய்து பார்த்தால்தான் உண்டு. அதனால்தான் இரண்டு அளவுகள் ஒத்துவர வேண்டும் என்பது விதி.

தேர்வில் முதல் அளவு 20.6. இரண்டாவது 20.1. மூன்றாவது செய்ய நேரம் இருந்தது. ஆனால் உப்புப் பகுப்பாய்வு பாக்கி. கை வேறு நடுங்கியது. மூன்றாவது கட்டத்தில் 20.1 என்று எழுதினேன். அந்த 20.1-லேயேகூட நாலைந்து சொட்டு கூடுதலாகப் போயிருக்கலாம்.

பல வருடம் கழித்துத்தான் இந்த வித்தையே துணிக்காகப் பிறந்தது என்று படித்தேன். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பிரான்சின் நெசவு நகரமான ரூவானில் தெக்ருவாசி என்ற வேதியியலாளர், துணி வெளுக்கும் நீரின் வலிமையை, அது எவ்வளவு நீலச் சாயத்தின் நிறத்தைப் போக்குகிறது என்று பார்த்து அளந்தார். வலிமை கூடினால் துணி இற்றுப்போகும். அங்கேயும் நிறம் போவதுதான் கணக்கு. பிப்பெட், ப்யூரெட் என்ற பெயர்களை 1824-இல் கே-லுசாக் வைத்தார்.

போன வருடம் வேலையில் ஒரு கணக்கு தப்பாகி, வாடிக்கையாளர் கண்டுபிடித்தார். எங்கள் டெஸ்ட் அத்தனையும் பச்சை. திறந்து பார்த்தேன். எதிர்பார்க்கும் விடை என்ற இடத்தில், நிரல் அன்றைக்குத் தந்த விடையையே எடுத்து ஒட்டியிருந்தேன். மூன்றாவது கட்டத்தில் மறுபடியும் 20.1.

அன்று ராத்திரி அப்பாவுக்கு ஃபோன் போட்டு அந்தத் தேர்வைப் பற்றிச் சொன்னேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"மூணாவது தடவ செஞ்சிருந்தா எவ்வளவுய்யா வந்திருக்கும்?"

"தெரியலப்பா."