கோபுரமும் கைப்பேசியும்

கதிர்வீச்சு என்னும் சொல் நம் நாட்டு ஜனங்களை நடுங்கச் செய்வதில் வியப்பொன்றுமில்லை. பேராக்கில், ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில், 1982-இல் அருமண் உலோகங்களைப் பிரித்தெடுக்கும் ஆலையொன்று எழுந்தது. தோரியம் கலந்த அதன் கழிவை எதிர்த்து 1985-இல் ஊரார் நீதிமன்றம் ஏறினர். பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதென்று முறையிட்டனர். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடக் கட்டளையிட்டது; மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அக்கட்டளையைத் தள்ளிற்று; ஆயினும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. அத்துயரை அறிந்தவர் அச்சொல்லைக் கேட்டு அஞ்சாதிருப்பரோ?

ஆனால், அன்பர்களே, தோரியம் உமிழ்வதும் கைப்பேசி உமிழ்வதும் ஒன்றல்ல. முன்னது அணுவினின்று எலெக்ட்ரானைப் பிய்த்தெறிந்து, உயிரணுவின் உள்ளமைப்பைச் சிதைக்க வல்லது. பின்னது வானொலி அலையின் இனம், அவ்வலிமை அதற்கில்லை. சரீரத்தின் தசையைச் சற்றே சூடேற்றுவது ஒன்றே ஐயமற நிறுவப்பெற்ற அதன் செயல். இரண்டிற்கும் ஒரே பெயரிட்டு வழங்கிய குற்றம் தமிழுக்கு மட்டுமன்று, ஆங்கிலத்துக்கும் உண்டு.

2011-இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், இவ்வலைகளைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்னும் ஐயப்பட்டியலில் சேர்த்தது மெய்யே. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பட்டியலில் உள்ளன. (ஊறுகாயை நாம் ஒருநாளும் விட்டோமில்லை!) 2024-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளால் 63 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், கைப்பேசிக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு காணவில்லை.

இவையெல்லாம் ஏட்டில் படிக்க எளியன. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்ககத்துக்கு எதிரே நிற்கும் அலைக்கோபுரத்தை அகற்றக் கோரும் விண்ணப்பத்தோடு, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அண்டைவீட்டு அம்மையார் வந்து நின்றபோதுதான் காரியம் கடினமாயிற்று.

"தம்பி, நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள்."

"அக்கா, கோபுரம் தூரப் போகப் போக, உங்கள் கைப்பேசி அதை எட்டுவதற்கு உரக்கக் கூவ வேண்டும். அக்கூவல் உங்கள் காதருகே அல்லவா நிகழும்?" என்றேன். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் அலையின் செறிவு நான்கிலொன்றாய்க் குறையும். ஆதலால் வீதிக்கப்பாலுள்ள கோபுரத்தைவிட, செவியோடு ஒட்டிய சிறு கருவியே தலைக்குப் பெரும்பங்கு அலையைத் தருகிறது. கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் லைன் சரியாகக் கிடைக்காத மூலையில் நின்று நெடுநேரம் பேசுவோரின் கருவிதான் அதிகம் உழைக்கிறது. ஒலிபெருக்கியில் இட்டுப் பேசினால், கருவி தலையைவிட்டு விலகும்; அவ்வளவே செய்யத்தக்கது.

அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் என் தங்கை எதனால் செத்தாள்?" என்றார்.

பெரும்பாலான புற்றுநோயாளிகளிடம், இன்னதால் இது வந்ததென்று மருத்துவம் சுட்டிக்காட்ட இயலுவதில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. விண்ணப்பத்தில் 'அகற்றுக' என்பதை அடித்து, 'மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் இங்கு வந்து அளந்து, அளவை எங்களுக்குக் காட்டுக' என்றெழுதினால் முதற்கையெழுத்து என்னுடையது என்றேன். தாளை மடித்துக்கொண்டு போனவர், இன்னும் விடை கூறவில்லை.