கட்டியக்காரனுக்கு ஒரு வரி

கோடை வந்தால் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து களைகட்டிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடிந்துதான் முடியும். ஊர் கர்ணனையும் துரியோதனனையும் பார்க்கப் போகும். நான் போவது கூத்தின் கோமாளியான கட்டியக்காரனுக்காக.

முகவீணை அலற, இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, பின்னால் நிற்கும் ராஜா உச்சக் குரலில் பாடுவார். கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரியும். கட்டியக்காரர் சாவகாசமாக வந்து, “யாருய்யா உள்ள? ரேஷன் கடை வரிசைன்னு நின்னுட்டியா?” என்பார். பாயில் சுருண்டு கிடந்த பிள்ளைகள் எழுந்து சிரிக்கும். நாடாளும் மன்னன் இவரிடம் பேரும் ஊரும் சொல்லித்தான் சபைக்குள் நுழைய முடியும்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலும் சிரிக்கவைக்கும் பாடகர்கள் இருந்தார்கள். 1733இல் பெர்கொலேசி இசையமைத்த ‘லா செர்வா பத்ரோனா’ அரங்கேறியபோது, அது பெரிய இசைநாடகம் ஒன்றின் இடைவேளைகளை நிரப்பிய சின்ன வேடிக்கைதான். ஜோக்கினோ கொர்ராதோ கிழ எஜமானனாகவும், லௌரா மோன்டி அவனை மடக்கிக் கல்யாணம் செய்துகொள்ளும் வேலைக்காரியாகவும் பாடினார்கள். பெரிய நாடகத்தை உலகம் மறந்துவிட்டது. வேடிக்கை இன்றும் மேடையேறுகிறது.

நம் கட்டியக்காரருக்கு இடைவேளை கிடையாது. துயரத்துக்குள்ளேயே நின்று சிரிக்கவைக்க வேண்டும். ‘கர்ண மோட்சம்’ கூத்தில் பொன்னுருவி தன் கணவன் கர்ணனின் பிறப்பை இழித்துப் பேசும்போது ஒரு கேலியை எறிவார். கர்ணன் சாகப் புறப்படும் நேரத்தில் கேலியை விட்டுவிட்டுப் பின்பாட்டுக்காரர்களோடு சேர்ந்துகொள்வார். எங்கே வாயை மூட வேண்டும் என்று அறிந்தவரே தேர்ந்த கட்டியக்காரர். அதற்குக் கதை முழுக்க அவருக்கு அத்துபடியாக இருக்க வேண்டும்.

அந்தத் தேர்ச்சி பயிற்சியால் வருவது. பி. ராஜகோபால் முன்னின்று 1990இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002இல் குருகுலம் ஆரம்பித்து, பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லித்தந்தது. ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த கலையில் பெண்பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள்.

கொர்ராதோவின் பேர் வரலாற்றில் இருக்கிறது. நம் ஊர்க் கூத்து நோட்டீஸில் கொடையாளர் பேரெல்லாம் பெரிய எழுத்தில் வருகிறது. விடிய விடிய ஊரையே விழிக்கவைப்பவருக்கும் அதில் ஒரு வரி ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?