5 வெள்ளியும் 200 கிலோமீட்டரும்

தாத்தாவின் கண்கள் மஞ்சளானபோது வீட்டில் யாரும் பயப்படவில்லை. "மஞ்சக்காமாலைதான். கீழாநெல்லிய அரைச்சுக் குடிச்சா சரியாயிடும்" என்றார் பாட்டி. 2023ஆம் ஆண்டு, பருவ விடுமுறைக்கு நான் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பியிருந்த நேரம் அது. உடம்பெல்லாம் அரிப்பு, முதுகுவலி, காரணமில்லாமல் இளைத்துப்போன உடல். இவை கணையப் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம் என்பது பல்கலைக்கழகத்தில் படிக்கும் எனக்கும் தெரியவில்லை. கீழாநெல்லியிலேயே ஒரு மாதம் போய்விட்டது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கும் உறுப்பு. அங்கே வளரும் கட்டி பித்தக் குழாயை அடைக்கும்போது கண் மஞ்சளாகிறது. நோய் தெரியவரும் வேளையில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் அறுவை சிகிச்சை செய்யக்கூடிய நிலை இருக்குமாம். 'விப்பிள்' எனப்படும் அந்த அறுவை சிகிச்சை மிகவும் சிக்கலானது. அதை அடிக்கடி செய்து பழகிய மருத்துவமனைகளில்தான் ஆபத்து குறைவு. எனவே எல்லா ஊரிலும் அதைச் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

தாத்தாவைச் செலாயாங்கிற்கு அனுப்பினார்கள். அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான். ஆனால், எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அப்பா லாரி ஓட்டுநர். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஸ்கேனுக்கு ஒரு நாள், முடிவு கேட்க ஒரு நாள். "என்னால உன் பொழப்பு கெடுதுப்பா" என்று ஒரு தவணைக்குத் தாத்தா போகவே மறுத்துவிட்டார்.

அடுத்த தவணைக்கு நானும் போனேன். மருத்துவர் மலாயில் பொறுமையாக விளக்கினார். கட்டி பெரிய இரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டது. அறுவை சிகிச்சை செய்ய இயலாது.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் தாத்தா.

"மருந்து குடுத்துப் பார்க்கலாமாம் தாத்தா."

பாதியைத்தான் சொன்னேன். ஐந்து மாதம் கழித்து அவர் இறந்தார். தன் கடைசி நாட்களை எப்படிக் கழிப்பது என்று அவரே முடிவு செய்திருக்கலாம். அந்த உரிமையை நான் பறித்துவிட்டேன் என்ற குறுகுறுப்பு இன்றும் இருக்கிறது.

நண்பர்களே, அறுவை சிகிச்சை ஓரிடத்தில் நடக்கட்டும். ஆனால், அதற்குப் போகும் வழி எல்லா ஊர்களிலிருந்தும் திறந்திருக்க வேண்டும். நோயாளிக்கு முன்பாக அவருடைய ஸ்கேன் படங்கள் நிபுணரிடம் போய்ச் சேரலாம். வலிக்கு மருந்தும் தொடர் கவனிப்பும் சொந்த ஊரிலேயே கிடைக்கலாம். போக்குவரத்துக்கு உதவி, பேசுவதற்கு அவருடைய மொழி தெரிந்த ஒருவர், இவையும் மருத்துவத்தில் ஒரு பகுதிதான்.

மற்றவற்றை அரசாங்கம் செய்யட்டும். மொழி நம்மிடம் இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, துணையில்லாத ஒரு முதியவரோடு மருத்துவமனைக்குப் போவோம். மருத்துவர் சொல்வதை, பாதியாக அல்ல, முழுமையாகத் தமிழில் சொல்வோம்.