பூட்டு ஓ.கே... சாவி யார்கிட்ட?

'எக்ஸெல் தெரியுமா?'னு கேட்டா, நம்ம காலேஜ்ல தெரியாதுன்னு சொல்ற ஆளே கிடையாது. ரெஸ்யூமேல மூணாவது வரியே அதுதான். ஆனா, ஒரு செல்லைப் பூட்டுறதுல எவ்வளவு விஷயம் இருக்குனு எனக்குப் புரிஞ்சது, கோயம்புத்தூர்ல ஒரு சின்ன பம்ப்செட் கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் போனப்பதான்.

அங்கே நைட் ஷிஃப்ட் ஓ.டி. கணக்கு முழுக்க ஒரே ஒரு எக்ஸெல் ஷீட். திங்கட்கிழமை 4 மணி நேரம்னு ஏறின கணக்கு, சம்பளத்தன்னிக்கு 2 ஆகி நிற்கும். சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி. ஆக, 2 மணி நேரம் காணாமப் போனா 4 மணி நேரக் கூலி அவுட்! லேத் ஓட்டுற அண்ணன் ஒருத்தர், "தம்பி, எழுதினதை யாரும் அழிக்க முடியாதபடி பண்ணிக் குடுங்களேன்"னார்.

எக்ஸெல்ல எல்லா செல்லும் பிறக்கும்போதே 'லாக்டு'தான். ஆனா, ஷீட்டை 'புரொடெக்ட்' பண்ற வரைக்கும் அந்தப் பூட்டு வேலை செய்யாது. அதனால, எண் போட வேண்டிய காலி செல்களை மட்டும் முதல்ல திறந்துவிட்டு, அப்புறம் ஷீட்டை புரொடெக்ட் பண்ணினேன். மீதி வேலை மேக்ரோவுக்கு. எண்ணை டைப் பண்ணி என்டர் தட்டினதும் 'ஒர்க்ஷீட் சேஞ்ச்'ங்கிற ஈவென்ட் முழிச்சுக்கும். பாஸ்வேர்டு போட்டு ஷீட்டைத் திறக்கும், அந்த செல்லை மட்டும் பூட்டும், மறுபடி ஷீட்டை மூடும். கண் சிமிட்டுற நேரம்தான்! பாஸ்வேர்டு கோடுக்குள்ளேயே இருக்கிறதால, அந்த வி.பி.ஏ. புராஜெக்டுக்கும் தனியா ஒரு பாஸ்வேர்டு. மேக்ரோவை நிறுத்திட்டுத் திறந்தா ஷீட்டே கண்ணுல படாது.

எல்லாம் சரி, டைப் பண்றவங்க தப்பா அடிச்சா? யாராவது திறந்துதானே ஆகணும்! "பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கட்டும்"னார் சூப்பர்வைசர். லேத் அண்ணன் ஒண்ணும் பேசலை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி இன்னொரு மேக்ரோ எழுதினேன். திருத்தணும்னா ஒரு பட்டன். அதை அமுக்கினா பழைய எண், புது எண், தேதி, நேரம், திருத்தினவர் பேர் எல்லாம் வேற ஷீட்ல தானா ஏறிடும். ஷீட் புரொடெக்‌ஷன் ஒரு செக்யூரிட்டி வசதி இல்லைனு மைக்ரோசாஃப்ட்டே சொல்லுது. உடைக்கணும்னு நினைக்கிறவன் உடைச்சிடுவான். அதனால, சனிக்கிழமைதோறும் அந்த ஷீட்டை பிரின்ட் எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டலாமானு முதலாளிகிட்ட கேட்டேன். கொஞ்சம் யோசிச்சார். "ஒட்டுங்க தம்பி"ன்னார்.

முதல் சனிக்கிழமை போர்டு முன்னாடி ஒரே கூட்டம். நான் கிளம்புற வரைக்கும், போட்ட எண் எதுவும் காரணமில்லாம மாறலை.

உங்க சிம்போசியம் வசூல் கணக்கும் எக்ஸெல்லதான் இருக்கா? தாராளமா பூட்டுங்க பாஸ். சாவி யார்கிட்ட இருக்குங்கிறதையும் எல்லாரும் பார்க்கிற இடத்துல எழுதி ஒட்டிடுங்க!